பத்து மில்லிலிட்டரைப் பற்றி ஒரு திறந்த மடல்

குறைமாதக் குழந்தைகளுக்கான ரத்தமாற்று ஆராய்ச்சிகளைத் திட்டமிடுவோர்க்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குவோர்க்கும், அறநெறிக் குழுக்களில் அமர்ந்து அனுமதி வழங்குவோர்க்கும்,

வணக்கம்.

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்பதைத் தவிர, இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை. நான் ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் எழுதியதில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளின் முடிவுகள் ஒரு குழந்தையின் நரம்புக்குள் போய்ச் சேரும் கடைசி இடம் எங்கள் கைகள்தாம். அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது தெரியும் ஒரு குறையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ரத்தம் உறைய உதவும், பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்லும் தட்டணுக்களை எந்த எண்ணிக்கையில் ஏற்றத் தொடங்குவது என்ற கேள்விக்கு உங்களில் சிலர் பெரும்பாடுபட்டு விடை கண்டிருக்கிறீர்கள். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது, எத்தகைய தட்டணுக்களை ஏற்றுவது என்ற கேள்விகளுக்கோ இன்றும் பழக்கமே விடையாக இருக்கிறது.

ஓர் இரவுப் பணியை மனத்தில் கொண்டு வாருங்கள். இருபத்தாறு வாரத்தில் பிறந்த, 700 கிராம் எடையுள்ள குழந்தை. ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வருகிறது: தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 38,000. எங்கும் ரத்தக்கசிவு இல்லை. பணியிலிருக்கும் மருத்துவர் ஒரு கிலோவுக்கு 15 மில்லிலிட்டர் என்று எழுதுகிறார். கணக்கிட்டால் பத்தரை மில்லிலிட்டர் வருகிறது. ரத்த வங்கியிலிருந்து வந்த பையிலிருந்து அதைச் சிரிஞ்சில் இழுத்து, பம்பில் பொருத்தி, அரை மணி நேரத்தில் முடியும்படி வேகத்தை அமைக்கிறோம். பத்தரை மில்லிலிட்டர் என்பது இரண்டு தேக்கரண்டி அளவு. கேட்பவருக்கு ஒன்றுமில்லாததாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஏறத்தாழ 65 மில்லிலிட்டர்தான். அதில் ஆறில் ஒரு பங்கை அரை மணி நேரத்தில் கூடுதலாக உள்ளே செலுத்துகிறோம். நான்கு லிட்டருக்கு மேல் ரத்தமுள்ள ஒரு பெரியவருக்கு இதே விகிதத்தில் செய்வதானால் எழுநூறு மில்லிலிட்டரை அரை மணியில் ஏற்ற வேண்டியிருக்கும். ரத்தப்போக்கே இல்லாத ஒருவருக்கு அப்படி எழுதித் தந்தால் எந்தச் செவிலியரும் மருத்துவரிடம் திரும்பிப் போய் ஒருமுறை கேட்டுவிட்டு வருவார்.

எண்ணிக்கை வரம்பைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பது எப்படி வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் என் வேண்டுகோள் அதிலிருந்தே எழுவதால் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வு 152 குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, எண்ணிக்கையை 1,50,000க்கு மேல் வைத்திருப்பதையும் 50,000 வரை இறங்கவிடுவதையும் ஒப்பிட்டது. மூளை ரத்தக்கசிவில் வேறுபாடு தென்படவில்லை. அதன் பிறகு கால் நூற்றாண்டு காலம் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் யாரும் தொடவில்லை. 2019இல் வெளியான பிளானட்-2 ஆய்வுதான் அந்த மௌனத்தைக் கலைத்தது. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில், 34 வாரத்துக்கு முன் பிறந்து தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இறங்கிய 660 குழந்தைகளைக் கொண்டு, 50,000க்குக் கீழ் போனதும் ஏற்றுவதையும் 25,000க்குக் கீழ் போகும்வரை காத்திருப்பதையும் அது ஒப்பிட்டது. ஆய்வில் சேர்க்கப்பட்டதிலிருந்து 28 நாட்களுக்குள் மரணமோ பெரும் ரத்தக்கசிவோ நேர்ந்தது, அதிகமாக ஏற்றப்பட்ட குழுவில் 26 விழுக்காடு. காத்திருந்த குழுவில் 19 விழுக்காடு. ரத்தக்கசிவைத் தடுக்கவென்று கொடுத்த மருந்தை அதிகம் பெற்ற குழந்தைகளே அதிகம் துன்பப்பட்டிருந்தார்கள். அந்த முடிவை எங்கள் பிரிவின் வகுப்பு ஒன்றில் முதன்முறை கேட்டபோது, கூட்டத்தில் யாரும் சற்று நேரம் பேசவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கைகளால் பொருத்திய சிரிஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

இதனால் தட்டணு ஏற்றுவதே தவறு என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் குழந்தைக்கும், அறுவை சிகிச்சைக்குப் போகும் குழந்தைக்கும், தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களை அழித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் கணக்கு வேறு. காத்திருந்த குழுவிலும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒருமுறையாவது தட்டணு ஏற்றத்தான் வேண்டியிருந்தது. நான் பேசுவது, கசிவு எதுவும் இல்லாதபோது, ஓர் எண்ணைக் கண்டு அஞ்சி ஏற்றப்படும் தட்டணுக்களைப் பற்றி மட்டுமே.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பிளானட்-2 ஆய்வின் இரு குழுக்களிலும் ஒவ்வொரு முறையும் ஏற்றப்பட்ட அளவு ஒன்றுதான்: கிலோவுக்கு 15 மில்லிலிட்டர். ஆகவே அங்கே தீங்கு நேர்ந்தது தட்டணுக்களாலா, அவை மிதந்து வந்த பிளாஸ்மா என்னும் ரத்தத் திரவத்தின் கொள்ளளவாலா, அது உள்ளே பாய்ந்த வேகத்தாலா என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்தறிய முடியாது. அது அந்த ஆய்வின் குறையன்று. ஓர் ஆய்வு ஒரு கேள்வியைத்தான் ஒழுங்காகக் கேட்க முடியும். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்பது இப்போது உங்கள் கடமை.

முதலில் அளவு. பெரியவர்களுக்கு வழக்கமாக ஏற்றப்படும் ஒரு பை இருநூறு முதல் முந்நூறு மில்லிலிட்டர் வரை இருக்கும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர்தான். குறைமாதக் குழந்தைக்கு நாம் எழுதுவதோ பத்து முதல் இருபது வரை. எடைக்கு எடை பார்த்தால் மிகவும் நொய்ந்த உடலுக்கு மூன்று நான்கு மடங்கு கொடுக்கிறோம். இந்த மடங்கு எந்த ஆய்விலிருந்து வந்தது என்று நான் கேட்ட மூத்த மருத்துவர்கள் பலரும், எண்ணிக்கை நன்றாக ஏற வேண்டும் என்பதற்காக என்றே விடையளித்தார்கள். எண்ணிக்கை ஏறத்தான் செய்கிறது. ஆனால் எண்ணிக்கை ஏறுவதும் ரத்தக்கசிவு குறைவதும் ஒன்றல்ல என்பதை பெரியவர்களிடமும் வளர்ந்த குழந்தைகளிடமும் நடந்த ஓர் ஆய்வே காட்டிவிட்டது. 2010இல் வெளியான பிளாடோ ஆய்வில், புற்றுநோய் சிகிச்சையாலும் எலும்பு மஜ்ஜை மாற்றாலும் தட்டணு குறைந்த ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோருக்குக் குறைந்த அளவு, அதைப்போல் இரு மடங்கு, நான்கு மடங்கு என மூன்று விதமாக ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று குழுக்களிலும் ரத்தக்கசிவு ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. அளவு கூடியதால் எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை. குறைமாதக் குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. கிலோவுக்கு ஐந்து மில்லிலிட்டரையும் பதினைந்து மில்லிலிட்டரையும் குறைமாதக் குழந்தைகளிடம் நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வு ஒன்றுக்காகத்தான் இந்த மடலின் பெரும்பகுதியை எழுதுகிறேன்.

அடுத்தது வேகம். குறைமாதக் குழந்தையின் மூளையில், திரவ அறைகளை ஒட்டிய பகுதியில், முழு மாதத்தை நெருங்கும்போது தானே மறைந்துவிடும் மெல்லிய குழாய்களின் வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. அங்கேதான் பெரும்பாலான மூளை ரத்தக்கசிவுகள் தொடங்குகின்றன. அதுவும் பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள். உடலின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது மூளைக்குள் பாயும் ரத்தத்தைச் சமன்செய்யும் திறன் இக்குழந்தைகளுக்கு இன்னும் முழுமையாக வந்திருக்காது. இவ்வளவும் பாடநூலில் உள்ளது. இதனால்தான் அந்தக் குழந்தைகளின் தலையை நடுக்கோட்டில் வைத்திருக்கிறோம், உடைமாற்றும்போது கால்களைச் சட்டென்று உயர்த்த வேண்டாம் என்று புதிய செவிலியர்களுக்குச் சொல்லித் தருகிறோம், உப்புநீரைக்கூட மெல்ல மெல்லச் செலுத்துகிறோம். அதே கைகளால் தட்டணுவை மட்டும் அரை மணியில் செலுத்தி முடிக்கிறோம். சிரிஞ்சில் இழுத்த தட்டணுக்களை நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்ற விதி ஒன்று உண்டு; அந்த விதிக்குள்ளேயே அரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே எவ்வளவோ இடமிருக்கிறது. சில பிரிவுகளில் அரை மணி, சிலவற்றில் ஒரு மணி, சிலவற்றில் இரண்டு மணி என்று இருப்பதற்குக் காரணம் அந்தந்தப் பிரிவில் முதலில் நெறிமுறை எழுதியவரின் பழக்கமே அன்றி வேறில்லை. இந்த ஆய்வுக்குப் புதிய மருந்து வேண்டாம், புதிய கருவி வேண்டாம். பம்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இவ்வளவு மலிவான கேள்வி இவ்வளவு காலம் கேட்கப்படாமல் கிடப்பதற்கு, அதை விற்றுப் பயனடைய யாருமில்லை என்பதும் ஒரு காரணமோ என்று சில நேரங்களில் ஐயுறுகிறேன்.

மூன்றாவதாக, யாருடைய தட்டணுக்கள் என்ற கேள்வி. நாம் ஏற்றுவது வளர்ந்த மனிதர்களின் தட்டணுக்களை. பச்சிளம் குழந்தையின் தட்டணுக்கள் தூண்டலுக்கு மந்தமாகவே வினைபுரிகின்றன. ஆனால் அதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அக்குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் அதிகம். தட்டணுக்களைக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியும் அதிகம், அதன் மூலக்கூறுகளும் பெரியவை. மந்தமான தட்டணுக்களும் வலிமையான துணைப்பொருள்களும் சேர்ந்து ஒரு சமநிலையில் இருப்பதால், ரத்தம் உறையும் வேகம் பெரியவர்களுக்குச் சளைத்ததாக இல்லை. அந்தச் சமநிலைக்குள் சுறுசுறுப்பான பெரியவர் தட்டணுக்களைக் கொண்டுபோய்க் கொட்டுவது தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைப்பதைப் போன்றதாகலாம். தட்டணுக்களுக்கு ரத்தத்தை உறையச் செய்யும் வேலை மட்டுமல்ல, அழற்சியைத் தூண்டும் வேலையும் உண்டு என்பதால், ஏற்கெனவே நுரையீரலும் குடலும் அழற்சியோடு போராடும் குழந்தைக்கு அது வேறொரு சுமையாகவும் அமையலாம். இவை ஆய்வகச் சோதனைகளிலிருந்து எழுந்த விளக்கங்கள். தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுக்களை ஏற்றிப் பார்ப்பது உள்ளிட்ட வழிகளில் இவற்றைக் குழந்தைகளிடம் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதோடு, 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஓயாமல் அசைக்கப்பட்டு ஐந்து நாள் வரை வைக்கப்படும் இப்பொருளில் முதல் நாள் பைக்கும் ஐந்தாம் நாள் பைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஆய்வுகளில் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பை எத்தனையாம் நாளுக்குரியது என்பதை நாங்கள் படுக்கையருகே குறித்துவைக்கிறோம். யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியே ஒரு சிறு குறிப்பு. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் மெதுவாக வடியும்போது தட்டணுக்கள் திரண்டு ஒட்டிக்கொள்வதும், கருவி அந்தத் திரளைக் கணக்கில் கொள்ளாமல் பொய்யான குறைந்த எண்ணைத் தருவதும் எங்களுக்கு அன்றாட அனுபவம். 31,000 என்று வந்த குழந்தைக்கு நரம்பிலிருந்து மறுபடி எடுத்தபோது 94,000 என்று வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இடையே பை கேட்டு ரத்த வங்கிக்குத் தாள் போய்விட்டது. ஆய்வில் ஒரு குழந்தையைச் சேர்க்கும் எண் எந்த வகை மாதிரியிலிருந்து வந்தது, ஸ்லைடில் கண்ணால் சரிபார்க்கப்பட்டதா என்பது நெறிமுறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவமனைகளில் மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2016இல் வெளியான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், தட்டணு ஏற்றிய ஏறத்தாழ ஆயிரம் முறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எண்ணிக்கை 50,000 அல்லது அதற்கு மேல் இருந்தபோதே நடந்ததாகத் தெரியவந்தது. நோய் முற்றிய குழந்தைக்கு அதிகம் ஏற்றுகிறோம், அதனால்தான் ஏற்றப்பட்ட குழந்தைகள் அதிகம் இறப்பதாகத் தோன்றுகிறது என்ற வாதம் இத்தகைய பதிவு ஆய்வுகளுக்குப் பொருந்தும். அந்த முடிச்சைக் குலுக்கல் ஒன்றே அவிழ்க்கும். ஆனால் குலுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் அறநெறிக் குழுக்களில் ஒரு தயக்கம் எழுவதை அறிவேன்: குழந்தையின் உயிரோடு சூதாடுவதா என்பதே அது. பிரிவுக்குப் பிரிவு, மருத்துவருக்கு மருத்துவர் அளவும் வேகமும் மாறும் இன்றைய நிலையில் குழந்தை எந்தக் கட்டிலில் பிறந்தது என்பதே குலுக்கலாக இருக்கிறது. யாரும் கணக்கு வைத்துக்கொள்ளாத குலுக்கல் அது. ஆய்விலாவது கணக்கு வைக்கப்படும், தீங்கு தென்பட்டால் நிறுத்துவதற்கு ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும்.

ஒப்புதல் பெறும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நல்ல ஆய்வுகள் பலவும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. தட்டணு குறைந்த செய்தி வரும் நேரத்தில் தாய் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் வேறொரு தளத்தில் படுத்திருப்பார். தந்தை இன்குபேட்டரின் அருகே தனியாக நிற்பார். அவரிடம் பன்னிரண்டு பக்கப் படிவத்தைக் கொடுத்து, இரு வழிகளில் எது நல்லதென்று எங்களுக்குத் தெரியாது, உங்கள் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கும்போது அவர் முகத்தில் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரியாது என்ற சொல் ஒன்றே அவர் காதில் விழுகிறது. ஒருவர் என்னிடம் திரும்பி, “சிஸ்டர், உங்க குழந்தையா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். ஆய்வில் பங்குள்ள நான் அதற்கு விடை சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லாமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. குறைப்பிரசவம் நேரலாம் என்று தெரிந்து முன்கூட்டியே சேர்க்கப்படும் தாய்மார்களிடம், குழந்தை பிறப்பதற்கு முன்பே, அவசரமில்லாத ஒரு பகல் பொழுதில், இரண்டு பக்கத்துக்கு மிகாத எளிய மொழியில் இந்த ஆய்வுகளை விளக்கலாம். குழந்தை பிறந்தபின் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். அந்தப் படிவத்தை எழுதும்போது குறைமாதக் குழந்தையை வளர்த்த பெற்றோர் சிலரை உடன் அமர்த்திக்கொண்டால், நீங்கள் எந்த வரியில் அவர்களை இழக்கிறீர்கள் என்பதை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.

ஆய்வின் முடிவை எப்போது அளப்பது என்பதிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிளானட்-2 குழந்தைகளைத் திருத்திய வயது, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிய வயது, இரண்டாகும்போது மீண்டும் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். அதிகமாக ஏற்றப்பட்ட குழுவில் 50 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள் அல்லது குறிப்பிடத்தக்க வளர்ச்சிக் குறைபாட்டோடு இருந்தார்கள். மற்றக் குழுவில் அது 39 விழுக்காடு. இருபத்தெட்டாம் நாளில் தெரிந்த இடைவெளி இரண்டு ஆண்டுகளில் மூடவில்லை. நிதி ஒதுக்குவோர் பெரும்பாலும் வீடு திரும்பும் நாளோடு கணக்கை முடித்துக்கொள்ள விரும்புகிறார்கள். பெற்றோருக்குக் கணக்கு தொடங்குவதே அன்றுதான். அந்த இரண்டாம் ஆண்டுப் பரிசோதனைக்கான செலவு, குடும்பத்தினரின் போக்குவரத்துச் செலவு உட்பட, முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தொலைவில் வாழும் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும்தான் முதலில் கணக்கிலிருந்து உதிர்வார்கள்.

முதல் மூன்று நாட்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மூளை ரத்தக்கசிவு மிகுதியாக நேரும் காலம் அதுவே. ஆனால் பிளானட்-2இல் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து நாட்களைக் கடந்த பிறகே சேர்க்கப்பட்டிருந்தார்கள். நஞ்சுக்கொடி சரிவர இயங்காததால் பிறக்கும்போதே தட்டணு குறைந்த குழந்தையும், மூன்றாம் வாரத்தில் கிருமித்தொற்றால் தட்டணு சரிந்த குழந்தையும் ஒரே நெறிமுறைக்குள் அடங்குவார்களா என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டியது. ஒரே மருத்துவமனையால் இதற்குத் தேவையான எண்ணிக்கையைத் திரட்ட முடியாது. பிளானட்-2க்கே நாற்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளும் தேவைப்பட்டன. பல நாடுகளின் பிரிவுகள் ஒரே நெறிமுறையில் இணைவது தவிர வேறு வழியில்லை.

உங்களிடம் நான் கேட்பவை நடைமுறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. அடுத்த முறை நீங்கள் கூடும்போது, தட்டணுவின் அளவையும் வேகத்தையும் ஒப்பிடும் ஓர் ஆய்வின் வரைவை மேசைமேல் வையுங்கள். வரைவு எழுதும் குழுவில் சிரிஞ்சைப் பொருத்தும் செவிலியர் ஒருவருக்கும், ரத்த வங்கியில் பையைப் பிரிக்கும் பணியாளர் ஒருவருக்கும் இடம் கொடுங்கள். அதுவரை, தட்டணு ஏற்றப்படும் ஒவ்வொரு குறைமாதக் குழந்தைக்கும் ஏற்றுவதற்கு முந்தைய எண்ணிக்கை, ஏற்றக் காரணம், கிலோவுக்கு எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நிமிடம், பையின் வயது ஆகிய ஐந்தையும் ஒரே படிவத்தில் குறிக்கச் சொல்லி எல்லாப் பிரிவுகளுக்கும் எழுதுங்கள். படிவம் வந்தால் அன்றைய இரவிலிருந்தே நிரப்பத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் ஒருவர்